சன்னலைச் சாத்திய சித்திரை

அன்று செண்பகம் இருமவில்லை. ஊடைக்கான குறுக்கு நூல் சுற்றும் இயந்திரத்தில் நூல் தீர்ந்தது கூடத் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் முதல் அறிகுறி. எனக்கு அது உறைக்கவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் பாதி விசைத்தறிக் கூடம். நான் நெய்ய, என் மனைவி செண்பகம் நூல் சுற்றுவாள். கோடையில் வறண்ட காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தரையில் தண்ணீர் ஊற்றி, சன்னல்களைச் சாத்திவிடுவோம். பின்னால் காலி மனையில் எரியும் குப்பைப் புகை அப்படியும் இடுக்கு வழியே வந்துவிடும். உள்ளே பஞ்சுத் தூசி, மேலே தகரக் கூரை.

அவளுக்கு இளைப்பு (மூச்சுக்குழாய் சுருங்கும் நோய்) உண்டு என்பது எனக்குத் தெரியும்.

“ஏங்க, மூச்சு முட்டுது. ஒரு சன்னலயாவது தெறங்களேன்.”

“பொறுட்டி, இந்தச் சேல முடியட்டும். தெறந்தா இழ பூரா அறுந்துரும்.”

சேலை முடிந்து திரும்பினால் சரிந்து கிடக்கிறாள். உடம்பு கொதித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே செலுத்தும் கருவி) வைத்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் அவரே விளக்கினார். “ஒடம்பு சூடானா மூச்சு வேகமாகும் அண்ணாச்சி. அப்பம் பொகையும் தூசியும் கூடுதலா உள்ள போகும். ஈரத்த அடைச்சு வச்சா வேர்வயும் காயாது. ரெண்டும் சேந்து அடிச்சிருக்கு.”

இழை அறாமல் இருக்க நான் செய்ததெல்லாம் அவளுக்கு எமனாக வந்திருக்கிறது. பதினெட்டு வருடத் தொழில் அறிவு என்று பீற்றிக்கொண்டவன் நான்.

மூன்றாம் நாள் முகமூடியை விலக்கிக் கேட்டாள்: “சேல முடிஞ்சுதா?”

வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

தறி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இருமலுக்காகக் காத்திருக்காதீர்கள். வெக்கையில் ஒருவர் பேச்சு குறைந்து மலங்க விழித்தால் உடனே வெளியே கூட்டி வாருங்கள்.

இப்போது உச்சி வெயிலில் தறி ஓடுவதில்லை. புகை வந்தால் அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். மற்ற நேரம் சன்னல் திறந்தே இருக்கிறது. இழை அடிக்கடி அறுகிறது, தறி நிற்கிறது. முன்பெல்லாம் வீணாகும் அந்த நிமிடத்துக்காக எரிந்து விழுவேன். இப்போது முடிச்சுப் போட்ட பிறகும் கொஞ்சம் நிற்கிறேன். பின்னால் அவள் மூச்சு விடும் சத்தம் கேட்ட பிறகுதான் தறியை ஓட்டுகிறேன்.