மாமாவும் மூன்று கிளாஸ் ஒயினும்

அன்று என்னை உட்காரச் சொன்னது என் மாமனாரா, அல்லது அவர் வயிற்றுக்குள் போயிருந்த மூன்று கிளாஸ் ஒயினா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் நான். இன்னும் விடை கிடைக்கவில்லை.

சமீபத்தில் பல் மருத்துவரிடம் மகளின் முறைக்காகக் காத்திருந்தபோது வழவழப்பான ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். சாப்பாடும் ஒயினும் தந்த இனிய நினைவுகளைப் பற்றிப் பலர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கடலோர விடுதியில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே பாலாடைக்கட்டியோடு குடித்தாராம். இன்னொருவர் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் குடித்தாராம். எனக்கும் அப்படி ஒரு நினைவு உண்டு. அதில் கடல் கிடையாது. ஸ்வெட்டர் போட்டு, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிய என் மாமனார் இருக்கிறார்.

மாமா அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்துக்குத்தான் ஓய்வு, அவர் இன்னும் கண்காணித்துக்கொண்டுதான் இருக்கிறார். மதுரை ஆனையூரில் எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவரே. தெருமுனையில் ஒயின்ஷாப் வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது, பந்தல் போட்டு வெயிலில் உட்கார்ந்து அதை வரவிடாமல் செய்தார். அந்தப் பந்தலுக்கு மோர் கரைத்து அனுப்பியவள் நான். உப்பு கூடுதல் என்று ஆள் மூலம் தகவல் வந்தது. அவ்வளவு பெரிய போராட்டத்துக்கு நடுவிலும் என்னை மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு முறை இருக்கிறது. ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். நான் நின்று பரிமாறுவேன். அவர்கள் எழுந்த பிறகு நான் சாப்பிடுவேன். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். சாப்பாட்டு மேஜையும் ஆறு நாற்காலிகளும் என் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்தவை. அந்த நாற்காலிகளில் எனக்கு எல்லா உரிமையும் உண்டு. தினமும் துடைக்கலாம்.

மாமா சாப்பாட்டைப் பற்றி 'ம்' என்று மட்டும் சொல்வார். குட்டையான 'ம்' என்றால் பரவாயில்லை. இழுத்த 'ம்' என்றால் நேற்றையது தேவலை. இதற்குப் பயந்து குழம்பை நான் ஒருமுறை ருசி பார்ப்பேன், மகளைப் பார்க்கச் சொல்வேன், பிறகு மகளின் நாக்கைச் சந்தேகப்பட்டு மறுபடி நானே பார்ப்பேன். அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார்கள். மேஜைக்கு எதிர்ச் சுவரில் மாலை போட்ட படமாக இருக்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் கல்யாணப் படத்தில்கூட மாமா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அத்தை பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, காலாண்டு விடுமுறையில், நாங்கள் நாலு பேரும் கொடைக்கானல் போனோம். மதுரைக்காரர்கள் கொடைக்கானல் போவது ஓய்வெடுக்க இல்லை. போகாவிட்டால் பக்கத்து வீட்டில் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். மாமா வெளியில் சாப்பிட மாட்டார். ஆகவே புளியோதரை, பொடி தடவிய இட்லி, வத்தல், ஊறுகாய் என்று ஒரு சமையலறையையே பையில் கட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளில் மகள் வாந்தி எடுத்தாள்.

"பிள்ளைக்கு என்னத்தக் குடுத்த?" என்றார் மாமா.

"இட்லிதான் மாமா."

"சரியா வேகலையோ என்னமோ."

வளைவுகளைக் குறித்து அவருக்குப் புகார் எதுவும் இல்லை.

தங்குவதற்கு ஒரு வீட்டில் இரண்டு அறைகள் எடுத்திருந்தோம். போய் இறங்கியதும் என் வீட்டுக்காரர் கார் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பனியோடு செல்ஃபி எடுத்தார். அந்த இடைவெளியில் ஒரு குரங்கு சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டது. புளியோதரையை அது கடைசிப் பருக்கை வரை தின்றது. என் சமையலுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

வேறு வழியில்லாமல் சாயங்காலம் அந்த வீட்டுக்காரம்மா சமைத்ததைச் சாப்பிட உட்கார்ந்தோம். அதாவது மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா வயதான கிறிஸ்தவப் பெண்மணி, தனியாக இருப்பவர், வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டு நடப்பவர். கேரட்டும் பீன்ஸும் போட்ட மட்டன் ஸ்டியூ, கையால் பிய்த்தால் ஆவி வரும் ரொட்டி, வெண்ணெய். எல்லாவற்றையும் வைத்துவிட்டு, சின்னச் சின்னக் கண்ணாடி கிளாஸ்களில் கருஞ்சிவப்பாக ஒன்றை ஊற்றி வைத்தார்.

"இது என்னம்மா?" என்றார் மாமா.

"ஒயின் சார். நானே போட்டது. கம்பத்துல இருந்து வர்ற பன்னீர் திராட்சை. சீனி, பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை. ஜாடியில மூடி வச்சிருவேன். கிறிஸ்துமஸுக்கு எடுக்குறது, இது போன வருஷத்து மிச்சம். இம்புட்டு குளிருதே, ஒரு வாய் குடிங்க."

பந்தலில் பேசியதெல்லாம் இப்போது இந்த அம்மாவுக்குக் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாமா கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"கடையில வாங்கலையே?"

"இல்ல சார்."

"வெளிய விக்கிறதில்லையே?"

"ஐயையோ, இல்ல சார்."

"அப்ப இது மருந்து," என்று தீர்ப்பளித்து, சங்கத் தலைவர் குடித்தார்.

முதல் கிளாஸில் குளிரைப் பற்றிப் பேசினார். இரண்டாவதில், தெருவிளக்கு எரியாவிட்டால் யாருக்கு மனு எழுதுவது என்று அந்த அம்மாவுக்கு விளக்கினார். மூன்றாவதில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் ஊரான் வீட்டிலும் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஏத்தா, நீ ஏன் நிக்கிற?"

"இருக்கட்டும் மாமா, நீங்க சாப்பிடுங்க."

"உக்காருங்கிறேன்."

பக்கத்து நாற்காலியை அவரே இழுத்தார். உட்கார்ந்தேன். என் தட்டில் ரொட்டியைப் பிய்த்து வைத்து, ஸ்டியூவை ஊற்றி, பாத்திரத்துக்குள் துழாவி நல்லி எலும்பை எடுத்து எனக்குப் போட்டார். எங்கள் வீட்டில் நல்லி எலும்பு எந்தத் தட்டுக்குப் போகும் என்பதில் அதுவரை குழப்பமே இருந்ததில்லை.

"உங்க அத்தை எங்கூட உக்காந்து சாப்பிட்டதே இல்ல," என்றார். "நானும் ஒரு நா கூப்பிடல. அவளுக்கு என்ன பிடிக்கும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

ரொட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

பல்கலைக்கழகத் தேர்வில்கூட இந்தக் கேள்வி வந்ததில்லை. "எல்லாம் பிடிக்கும் மாமா," என்றேன்.

"பொய். அம்மாவுக்கு மீன் தலை பிடிக்கும்," என்றாள் மகள். "நம்ம வீட்டுல அது அம்மாவுக்கு வராது."

மாமா சிரித்தார். கடைவாய்ப் பல் ஒன்று அவருக்கு இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். முதலில் புளித்தது, அப்புறம் இனித்தது, கடைசியில் கிராம்பு மட்டும் தொண்டையில் நின்றது. கிண்ணத்தின் அடியில் இருந்த ஸ்டியூவை ஆளுக்கொரு ரொட்டித் துண்டால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டோம். சாப்பாடு சூடாக இருந்தது. சூடான சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அதைவிட நல்ல சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலை மாமா எழுந்து வந்து சொன்ன முதல் வார்த்தை: "காபி ஆறிப்போச்சு."

ஆனையூர் வந்ததும் எல்லாம் பழையபடி. அவர் உட்கார்ந்தார், நான் நின்றேன். ஆனால் நான் ஆய்வுக்கூடத்தில் பழகியவள். அன்று வேலை செய்தது எது? குளிரா, ஸ்டியூவா, அந்த அம்மாவா, ஒயினா? ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே ஸ்டியூவை வைத்தேன். "நம்ம ஊருக்கு இது ஆகாது," என்றார். ஹாலில் ஏசியை முழுக் குளிரில் வைத்தேன். "யாரு இதை இப்படி வச்சது?" என்று துண்டைப் போர்த்திக்கொண்டார். பன்னீர் திராட்சையைப் பிழிந்து கண்ணாடி கிளாஸில் கொடுத்தேன். "சீனி கம்மி," என்றார். மிச்சம் இருந்தது ஒயின் மட்டும்தான். சங்கத் தலைவரின் மருமகள் அதை எங்கே போய் வாங்குவது? அவருடைய போராட்டம் வெற்றி பெற்றதால் பக்கத்தில் கடையும் கிடையாது.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்களாவது என்னை உக்காரச் சொல்லலாமே?"

"நான் எப்பவாச்சும் வேணாம்னு சொன்னேனா?" என்றார்.

உண்மைதான். அவர் எதையுமே வேண்டாம் என்று சொன்னதில்லை. குறிப்பாக இரண்டாவது தோசையை.

இது இப்படியே போயிருக்கும். கொஞ்ச நாளுக்கு முன் மாமாவின் நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். நான் கூட்டு எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், என் மகள் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். யாரும் சொல்லவில்லை. நான் நிற்கிற அதே இடம். நான் சாய்கிற மாதிரியே ஒரு காலில் சாய்ந்து நிற்கிறாள்.

"பொறுப்பான பிள்ளை," என்றார் நண்பர். "அம்மாவப் பாத்துப் பழகிருக்கு."

அவளுக்கு இரும்புச்சத்து குறையுமோ, செல்போனால் கண் கெடுமோ, புத்தகப் பையால் முதுகு வளையுமோ என்று நான் பயப்படாத நாள் இல்லை. அத்தனைக்கும் வீடியோ பார்த்து வைத்திருக்கிறேன். இதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நானே என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. இவளும் ஆறு நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு ஒரு வீட்டில் நிற்பாளோ என்பதுதான் அதிலிருந்து என் கவலை.

போன மாதம் அழகர்கோவில் போகிற வழியில் இருக்கும் எங்கள் குலசாமி கோவிலில் கிடா வெட்டு. கருப்புசாமிக்குப் படையல் போட்டார்கள். இலை நிறையக் கறி, சுருட்டு, பக்கத்தில் ஒரு முழு பிராந்தி பாட்டில். பாட்டிலைத் துண்டால் துடைத்துத் தன் கையாலேயே எடுத்து வைத்தவர் எங்கள் சங்கத் தலைவர். சாமிக்கு என்றால் அது வேறு கணக்கு. கற்பூரம் காட்டியதும் பாட்டில் இளவட்டங்களோடு புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டது. மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வழக்கம்போல முதல் பந்தி ஆண்களுக்கு. என் மகள் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். மாமா தன் பக்கத்து இலையைத் தட்டிக் காட்டினார்.

"தாயி, தாத்தா பக்கத்துல உக்காரு."

"அம்மா உக்காந்தாத்தான் நான் உக்காருவேன்."

"பொம்பளையாளுகளுக்கு ரெண்டாவது பந்திடா செல்லம்," என்றார் மாமாவின் அண்ணன்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. தாத்தாவைத்தான் கேட்டாள். கேலியாக இல்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி. "தாத்தா, கொடைக்கானல்ல செவப்பா ஒண்ணு குடிச்சீங்கள்ல, அது குடிச்சாத்தான் அம்மாவ உக்காரச் சொல்லுவீங்களா?"

பந்தியில் பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன. புளியமரப் பக்கமிருந்து திரும்பிய ஒரு கொழுந்தன், "என்ன சித்தப்பா, எங்களுக்கெல்லாம் சொல்லவேயில்ல," என்றான்.

"ஏம்ப்பா, ஒயின்ஷாப்ப வெரட்டினது நீதான?" என்றார் அண்ணன்.

மாமாவின் காது சிவந்துவிட்டது. "அது மருந்துண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்காரவும் இல்லை. மகள் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது, காரின் முன் இருக்கையில் ரோட்டைப் பார்த்தபடியே, "பிள்ளைய நல்லா வளத்திருக்க," என்றார் மாமா. அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை அந்த மூன்று வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

மறுநாளிலிருந்து ஒரு புதுப் பழக்கம். சாயங்காலம் நான் கரண்டியோடு போவதற்குள் மாமா தானே தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். "ரசம் ஊத்தவா மாமா?" என்றால், "ஊத்திக்கிட்டேன்." அதோடு போகவில்லை. மேஜையின் எதிர்ப்பக்கம் இன்னொரு தட்டு கவிழ்த்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் மகள் சாப்பிட்டிருப்பாள். என் வீட்டுக்காரர் அதற்குள் வேலையிலிருந்து வந்ததே இல்லை. அது மாமாவுக்கும் தெரியும். முதல் நாள் தவறுதலாக எடுத்துவிட்டார் என்று நினைத்து, பொறுப்பான மருமகளாக அதைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டேன். மறுநாளும் இருந்தது. நேற்று பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தது.

ஒயின் இல்லை, குளிரும் இல்லை. மாமா நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. உன் பரிமாறலே எனக்கு வேண்டாம் என்கிற கோபமா இது? அந்தத் தட்டு எனக்கு இல்லாமல் நான் போய் உட்கார்ந்துவிட்டால் அதைவிட அவமானம் உண்டா? எனக்கேதான் என்றால், நான் நிற்கிற ஒவ்வொரு நாளும் அவர் மனதில் என்ன நினைப்பார்? எத்தனை நாள்தான் வைப்பார்? வீட்டுப்பாடம் எழுதுகிற சாக்கில் மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதைப் படிப்பவர்களில் மாமனார் உள்ள மருமகள்களும், மருமகள் உள்ள மாமனார்களும் இருப்பீர்கள். அந்தத் தட்டு எனக்கா என்று கேட்டுவிட்டு உட்காரட்டுமா, கேட்காமலே நிமிர்த்திச் சோறு போட்டுக்கொள்ளட்டுமா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக. இன்றைக்கும் சாயங்காலம் அந்தத் தட்டு வந்துவிடும்.