கொசுறு மீன்

நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிடும் மீன் மற்ற பாதிப் பேருக்கு ஆகாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஏரி மீனைக் கண்டாலே சேற்று வாடை என்று முகத்தைச் சுளிப்பார்கள். சேலத்துக்காரர்களுக்குக் கடல் மீன் என்றால் கவிச்சி. மலையாளத்து வீடுகளில் மத்தி ஒன்று போதும், வஞ்சிரத்தைச் சும்மா கொடுத்தாலும் யோசிப்பார்கள். சுரங்கமும் அனல்மின் நிலையமும் கூட்டிவந்த இத்தனை ஜில்லாக்காரர்களையும் ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸில் குடிவைத்திருந்தார்கள். கதவில் எழுதிய எண்ணைப் படிக்கத் தெரியாத வீராயி, எந்த வீடு எவருடையது என்பதை அவர்கள் வாங்கும் மீனை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள். விரால் வீடு, சங்கரா வீடு, முள் எடுக்கத் தெரியாத வீடு என்று அவள் கணக்கில் எல்லா வீட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது.

வீராயி டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்துக் கிராமத்துக்காரி. நடவு, களை, அறுப்பு என்று ஊரார் நிலத்தில் வளர்ந்தவள். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. அந்த நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு என்ன வரும்? ஒன்றும் வரவில்லை. புருஷன் கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாகப் போனான். வீராயி ஒரு கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

முதலில் அவள் விற்றது ஏரி மீன்தான். அதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. கெளுத்திக்கு மீசை உண்டு, செதில் கிடையாது, செவுளுக்குப் பக்கத்தில் இருக்கிற முள் குத்தினால் சாயங்காலம் வரை கடுக்கும். கெண்டைக்கு ருசி உண்டு, ஆனால் முள் அதிகம், குழந்தைகளுக்கு ஆகாது. விரால் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி மூச்சு வாங்கும் மீன். பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிவைத்தால் மறுநாள் வரை உயிரோடு கிடக்கும். அந்த வழவழப்புப் போகச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும் என்பதை எத்தனை வீட்டு வாசலில் சொல்லிக்கொடுத்திருப்பாள்! உயிரோடு இருக்கிறதா, அது நல்ல மீன். செத்ததா, தூரப் போடு. அவளுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

பங்குனி வந்தது. ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது. கூடையைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. விடிவதற்கு முன்பே பஸ் ஏறிக் கடலூர்க் கடற்கரைக்குப் போனாள்.

கடல் மீனை அவள் அதுவரை கருவாடாகத்தான் பார்த்திருந்தாள். சேத்தியாத்தோப்புச் சந்தையில் வாங்கும் வாளைக் கருவாடு பழுப்பேறிய தோல்வார் மாதிரி இருக்கும். கடற்கரையில் அதே வாளை வெள்ளித் தகடாக மின்னிக்கொண்டு கிடந்தது. இதுதான் அதுவா என்று அங்கிருந்த பெண்களைக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். சுறாவின் நெடி அடித்ததும் அழுகிவிட்டது என்று நினைத்துத் தள்ளி நின்றாள். சுறாவுக்கு அந்த நெடி பிறவியிலேயே உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. முதல் வாரத்தில், மீன் வாடக்கூடாதே என்ற பாசத்தில் பஸ்ஸில் வழியெல்லாம் நல்ல தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். ஏரி மீனுக்குச் செய்தால் அது உபகாரம். கடல் மீனோ ஊறிச் சதை குழைந்து, கையில் எடுத்தால் கையோடு வந்தது. டவுன்ஷிப்பில் குடியிருந்த, கடற்கரைக் குடும்பத்தில் பிறந்த மார்த்தாள் என்பவள், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி அவளைத் திட்டித் தீர்த்தாள். வீராயி அதற்காக அழுது கரைந்துவிடவில்லை. அடுத்த நாள் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவந்து, முதல் ஆளாக மார்த்தாள் வாசலில்தான் கூடையை இறக்கினாள்.

இப்படி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவள்தான். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கிற கதிரைப் பொறுக்காமல் வரப்பேறிப் பழகாத கால் அது. கடற்கரையிலும் வலை உதறிய இடத்தில் கிடப்பதைக் குனிந்து பொறுக்குவாள். காரப்பொடியோ, மத்தியோ, கையில் அகப்பட்டது கூடையின் ஓரத்தில் போகும். யாரும் தடுத்ததில்லை.

அப்படிப் பொறுக்கியதை அவள் விற்க மாட்டாள். அதெல்லாம் கொசுறு. கொசுறு என்றால் எல்லா வீட்டுக்கும் கிடையாது. சந்திரகலா வீட்டுக்கு மட்டும்தான்.

சந்திரகலா சேலத்துப் பெண். புருஷன் ஜெயராமன் சுரங்கத்தில் பெரிய மண்வெட்டு யந்திரத்தில் ஆபரேட்டர், பெர்மனென்ட் வேலை. கூடை இறக்கிய முதல் நாளே அவள் வீராயிக்குத் தண்ணீர் கொடுத்தாள். தான் குடிக்கும் டம்ளரிலேயே கொடுத்தாள். வாங்கிக் கழுவி உள்ளே வைத்தாள். வீராயிக்கு அதுவரை ஊரில் தண்ணீர் கொடுத்தவர்கள், மேலே நின்று கையில் ஊற்றியவர்கள்தான். அன்றைக்கு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தாள். பதிலுக்குச் செய்ய அவளிடம் இருந்தது மீன் ஒன்றுதான். அதனால் கூறு போட்டு விற்றது போக, தினமும் ஒரு மீனை எடுத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேளாமல், சந்திரகலாவின் சட்டியில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

சித்திரையில் ஒரு நாள், கடற்கரை மணலில் சில மீன்கள் ஒதுக்கி எறியப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தாள். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, செதில் இல்லை, கிளி மூக்கு மாதிரி வாய். வயிறு உப்பிக் கிடந்தது. ஏரிக் கெளுத்திக்கு மழைக்காலத்தில் அப்படித்தான் சினை பிடித்திருக்கும். சினை மீனைப் போய் எறிந்திருக்கிறார்களே, திமிர்தான் என்று வீராயி மனசுக்குள் வைதுகொண்டு அத்தனையையும் பொறுக்கிக் கூடையில் போட்டாள். அந்த மீனைக் கருவாட்டுக் கடையில் பார்த்ததில்லையே என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கடல் மீனுக்குப் பழகிவிட்ட சந்திரகலா அன்றைக்குக் கிழங்கான் வாங்கினாள். வீராயி உப்பின மீனில் ஒன்றை எடுத்துச் சட்டியில் போட்டு, உள்ளே சினை இருக்கும், பதமாக எடுத்து ஐயாவுக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மீதியைச் சாயங்காலம் தன் வீட்டுக் குழம்புக்கென்று கூடையின் அடியில் தள்ளிவைத்தாள்.

மூன்று பிளாக் சுற்றி மார்த்தாள் வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கூடையில் மேலாக இருக்கிற மீன் மார்த்தாள் கண்ணில் படாது. அடி வரைக்கும் கிளறினால்தான் ஆகும். கிளறியவள் கையைச் சடக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இத எங்க எடுத்தே?"

வீராயி சொன்னாள்.

"இது பேத்த மீனு. வெசம். கடக்கரையில நாயிகூட மோந்து பாத்துட்டுப் போயிடும். எத்தினி நேரம் வேகவச்சாலும் வெசம் போவாது. யாருக்காவது குடுத்தியா?"

வீராயி சந்திரகலாவின் பெயரைச் சொன்னாள். வயிற்றில் இருப்பது சினை இல்லை, காற்றையோ தண்ணீரையோ இழுத்து உப்பிக்கொள்ளும் என்று மார்த்தாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

சந்திரகலா வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டாள். கேரியர்க்காரரிடம் சாப்பாட்டைக் கொடுத்தனுப்பிவிட்டுச் சந்திரகலா கடைக்குப் போயிருக்கிறாளாம். கேரியர்க்காரர் சைக்கிளில் போய் வெகுநேரம் ஆகிறதாம்.

சுரங்கத்துக்குப் போகிற ரோட்டில் வீராயி ஓடினாள். தார் உருகிக் காலில் ஒட்டியது. ஜெயராமனுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று ஐயனாரையும் மாரியாத்தாளையும் வேண்டிக்கொண்டு ஓடினாள். மார்த்தாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மாதாவையும் விடவில்லை. நடு நடுவே இன்னொரு யோசனையும் குறுக்கே வந்தது. வீராயி விஷ மீன் விற்றாள் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் இந்த டவுன்ஷிப்பில் அவளிடம் இனி யார் வாங்குவார்கள்? அதை நினைத்ததற்காகத் தன்னையே வைதுகொண்டாள். ஆனாலும் நினைத்தாள்.

கேட்டில் காவலுக்கு நின்றவர் வெள்ளைச்சாமி. பட்டாளத்தில் இருந்து வந்தவர், சட்டம் பேசுகிற ஆள். சாப்பாட்டு வேளையானதால் கான்ட்ராக்ட் கூலிகள் கேட்டை ஒட்டி மர நிழலில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வடக்குத்து ஆட்கள். எல்லாரும் அவளைத் தெரிந்தவர்கள். வீராயி குரலைத் தாழ்த்தி, ஜெயராமன் ஐயா வீட்டில் உடம்பு சரியில்லை, ஐயாவை உடனே கூப்பிட வேண்டும் என்றாள். வெள்ளைச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். சாப்பாட்டு நேரம், அவர் சாப்பிட்டு முடித்ததும் சொல்லி அனுப்புகிறேன், அதுவரைக்கும் ஓரமாக நில் என்றார்.

சாப்பிட்டு முடித்ததும்! வீராயி மர நிழலைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நான் குடுத்த மீனுங்க. வெச மீனு. தெரியாம குடுத்துட்டேன். அவுரு துன்னுகினு இருப்பாருங்க, நிறுத்துங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. வெள்ளைச்சாமி போனை எடுத்துச் சுற்றினார்.

ஜெயராமன் அதற்குள் பாதிச் சாப்பாட்டை முடித்திருந்தார். முதலுதவி அறையில் உட்கார வைத்து உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். அவர் நாக்கைத் தடவித் தடவிப் பார்த்தார். உதடு மரத்துப்போகிறதா என்று கேட்டதும் மரத்துப்போகிற மாதிரித்தான் இருக்கிறது என்றார். கம்பவுண்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீராயி வாசற்படிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியப்பன் விஷயம் கேள்விப்பட்டு வந்து பக்கத்தில் நின்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மார்த்தாள் சும்மா இருக்கவில்லை. கடையில் சந்திரகலாவைத் தேடிப் பிடித்து ஷிப்ட் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டாள். சந்திரகலா உள்ளே புருஷனைப் பார்த்தாள், வெளியே வீராயியைப் பார்த்தாள், மெதுவாகச் சொன்னாள்:

"அந்த மீன நான் கொழம்புல போடவே இல்லைங்க."

கம்பவுண்டர் நாடியை விட்டார். ஜெயராமனுக்கு உதடு அந்த நிமிஷமே சரியாகிவிட்டது. வீணாக வாந்தி எடுக்க வைத்தார்களே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

வீராயி எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்தீர்கள் அம்மா என்று கேட்டாள். முருங்கைக்கு அடியில் புதைத்துவிட்டதாகச் சந்திரகலா சொன்னாள். தனக்கே தெரியாத மீன் சேலத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று வீராயிக்கு ஆச்சரியம். தெரிந்துதான் புதைத்தீர்களா என்று கேட்டாள்.

சந்திரகலா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாதுங்க. சும்மா குடுக்கறது எப்படியும் கெட்டுப்போற மீனாத்தான் இருக்கும்னு நெனச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

"இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவுமேதான்."

மனுஷன் பிழைத்தான் என்ற சந்தோஷம்தான் வீராயிக்கு முதலில் வந்தது. அது பெரிய சந்தோஷம். வாய்விட்டு மாரியாத்தாளைக் கூப்பிட்டுக் கும்பிட்டாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் மற்றது வந்தது. பொறுக்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே பொறுக்கினாள்? நல்லதாகத்தானே கொடுத்தாள்? அத்தனையும் மண்ணுக்குள் போயிருக்கிறது. டம்ளரை நினைத்தால் அழுகை வந்தது, முருங்கையை நினைத்தால் ஆத்திரம் வந்தது. கொளஞ்சியப்பனுக்குத் தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் விடியலில் அவள் கடற்கரைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. போனாள், வாங்கினாள், மணலில் கிடந்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிளாக்கில் அவள் குரல் கேட்டதும் கதவுகள் திறக்கவில்லை. இரண்டொரு ஜன்னல் சாத்திக்கொண்டது. மார்த்தாள் மட்டும் கூடையை அடி வரை கிளறிப் பார்த்து, ஒரு கூறு வாங்கினாள். அதற்குமேல் ஒருவரும் இல்லை. சந்திரகலா வீட்டு வாசலில் நிற்காமல் கடந்துவிட வேண்டும் என்றுதான் வீராயி வந்தாள். சந்திரகலா படியில் காத்துக்கொண்டு நின்றாள்.

"கூடைய இறக்குங்க" என்றாள்.

வீராயி இறக்கினாள். சந்திரகலா காட்டியதைக் கூறு போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கூடையில் இருந்ததிலேயே நல்லதாக ஒரு சங்கராவை எடுத்தாள். காசு கொடுத்து வாங்கிய மீன், செவுள் ரத்தமாகச் சிவந்திருந்தது. அதைச் சட்டியில் போட்டாள். சந்திரகலா வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் வீராயி படியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கழுவி, அறுத்து, கொழம்புல போடுங்கம்மா. நான் பாத்துட்டுத்தான் போவேன்."

சந்திரகலா அரிவாள்மணையை எடுத்துவந்து, அவள் எதிரிலேயே உட்கார்ந்து, முதலில் அந்த மீனின் செதிலைத்தான் சீவினாள்.