பின்தாளை எடுங்க

லோரீன் கைசிங்கருக்கு வாய் நீளம் என்பார்கள் எங்கள் துப்பாக்கிக் கிளப்பில். என்னைக் கேட்டால், எங்கள் ஆட்களுக்குக் காதுதான் குட்டை.

பென்சில்வேனியாவில் பம்ப் தண்டு கடையும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டியவள் அவள். எல்லோரும் நீளத் தோட்டாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், குட்டையும் குண்டுமான ஒரு தோட்டாவின் மேல் ஆசை வைத்தாள். வெடிமருந்து சீராக எரியும், நூறு கஜத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பது அவள் கட்சி. அதற்கென்றே ஒரு துப்பாக்கி செய்து தரும்படி வில்பர் ஹெக்மனிடம் போனாள். எங்கள் துப்பாக்கிகளுக்கெல்லாம் குழல் பொருத்துபவர் அவர்தான். கிளப் தலைவரும் அவரே.

"இந்தப் பொம்மைத் தோட்டாவுக்கா? விளையாட்டுச் சாமான் செய்ய எனக்கு நேரமில்லம்மா."

"சரி, எனக்கும் ரெண்டு கை இருக்கு."

கார் ஷெட்டில் பழைய லேத் ஒன்று ஏறியது. கார் பனியில் நின்றது. முதல் குழலில் தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து அளந்தபோது, ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கோணல்.

"இது யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் கணவர் எமரி.

"எனக்குத் தெரியுதே."

அந்தக் குழலைத் தக்காளிச் செடிக்கு முட்டாக ஊன்றிவிட்டு, அடுத்ததைக் கையில் எடுத்தாள்.

எழுபத்தெட்டாம் வருடம் ஜூன் போட்டிக்கு, செய்து முடித்த துப்பாக்கியைக் கொண்டுவந்தாள். ஐந்து குண்டு சுட வேண்டும், எவ்வளவு நெருக்கமாக விழுகின்றனவோ அவ்வளவு நல்லது. "இன்னைக்கு ஒரு நாள் சுட்டுக்கோ. தேறலைன்னா இந்தப் பொம்மையோட இந்தப் பக்கம் வராதே" என்றார் வில்பர், எல்லோர் முன்னாலும்.

மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்து சுட்டாள். இலக்குத்தாள் வந்தது. அதில் ஒரே ஓட்டை.

"ஒண்ணுதான் பட்டிருக்கு. மத்த நாலும் மலைக்கு மான் பார்க்கப் போயிடுச்சு!" என்றார் வில்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

லோரீன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"பின்தாளை எடுங்க."

இலக்குக்குப் பின்னால் ஒரு காகிதச் சுருள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் ஒன்றாகிவிட்ட ஓட்டைகள் அதில் தனித்தனியாக விழும்.

"எதுக்கும்மா வீண் வேலை? அடுத்தவங்க காத்திருக்காங்க, எழுந்திரு."

"எடுக்கிற வரைக்கும் நகர மாட்டேன். வேணும்னா நாற்காலியோட தூக்குங்க."

நான்தான் போய்ப் பிரித்து வந்தேன். வரும் வழியிலேயே இரண்டு தரம் எண்ணினேன். வில்பர் முன்னால் மேசையில் விரித்தேன். ஐந்து ஓட்டைகள், வரிசையாக. முன்தாளை அளந்தோம். ஐந்தில் அதிகம் விலகி விழுந்த இரண்டுக்கும் நடுவுக்கு நடு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் கிளப்பில் அதுவரை யாரும் அப்படிச் சுட்டதில்லை.

மதியச் சாப்பாட்டின்போது வில்பர் தட்டோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் அது மாதிரி ஒண்ணு கடைஞ்சு தருவியா, லோரீன்?"

"தர்றேன். வரும்போது உங்க பழைய குழலைக் கழட்டிக் கொண்டாங்க. தக்காளிக்கு ஒரு முட்டு குறையுது."