தம்பிக்கு ஞானத்தாய்

தம்பி பிறந்து மூன்று நாளாகியும் வெளிக்குப் போகவில்லை. வயிறு பானையாக உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தான். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பே உருவாகவில்லையாம். வயிற்றில் ஓட்டை போட்டுக் குடலின் நுனியை வெளியே கொண்டுவந்து, மலம் சேர அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். ஒரு வயதில் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துச் சரிசெய்தார்கள். இப்போது கல்லூரிக்குப் போகிறான். நான் சொல்வது அவனுக்கு மூன்று மாதமாக இருந்தபோது நடந்தது.

லிங்கராஜபுரத்தில் மாடி போர்ஷனில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது. பையைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. என்னிடம் இருந்த ஒரே அதிசயம் அதுதான். எத்தனை நாள் பொத்தி வைப்பது?

ஞானஸ்நானத்துக்கு முந்தைய வாரம் அம்மா துணி காயப்போடப் போயிருந்தாள். கீழ்வீட்டுப் பெண்ணையும் அத்தை மகளையும் கூட்டிவந்து, தம்பியின் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். பைக்குள் சிவப்பாக, ஈரமாகக் குடல் நுனி தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினாள்.

திரும்பி வந்த அம்மா அடிக்கவில்லை. சட்டையை இறக்கிவிட்டாள்.

"அவன் என்ன கொரங்காடி, வேடிக்க காட்டறதுக்கு?"

ஞானஸ்நானத்தில் தம்பியைக் கையில் ஏந்தும் ஞானத்தாய் அத்தைதான் என்று ஏற்பாடு. ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாள் அவளிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜுரம் அண்ணி, எந்திரிக்கவே முடியல. வேற யாரயாச்சும் பாத்துக்கோங்க."

"சரி, ஒடம்ப பாத்துக்கோ" என்றாள் அம்மா.

மறுநாள் மாதா கோயிலில் தம்பியை ஏந்த யாரும் முன்வரவில்லை. உறவுக்காரப் பெண்கள் பிரார்த்தனைப் புத்தகத்தை மும்முரமாகப் புரட்டினார்கள். கடைசியில் கோயில் பெருக்கும் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குடும்மா, நான் புடிக்கிறேன்."

சாமியார் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை தம்பி அவள் மார்பில் அழாமல் கிடந்தான். நான் முழங்காலில் நின்று அத்தையின் காய்ச்சலுக்காக மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன்.

மத்தியானம் அப்பா என்னிடம் பிரியாணியைக் கொடுத்து அத்தை வீட்டுக்கு அனுப்பினார். அத்தை தலைக்குக் குளித்து, நின்றபடி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு முறை இருமினாள்.

நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

"அம்மா, அத்தைக்கு ஜுரம் விட்டுடுச்சு! நான் ஜெபம் பண்ணேன் இல்ல!"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. என் ஜெபம் கேட்கப்பட்ட சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.