குடாநாட்டுச் சாம்பியன்

வெள்ளிக்கிழமை மத்தியானம் திருச்சியில் விமானம் ஏறினேன். சீட் பெல்ட்டைப் போட்டு, பக்கத்து இருக்கைக்காரரோடு கைப்பிடிக்குச் சண்டை பிடித்து முடிப்பதற்குள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வந்துவிட்டது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போனால் இதைவிட நேரமாகும்.

வந்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் ஒரு மல்யுத்தப் பைத்தியம். ஒலிம்பிக்ஸில் நடக்கிற ஒழுங்கான மல்யுத்தம் இல்லை. பளபளக்கும் உடுப்போடு வந்து, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு டிவியில் அடித்துக்கொள்வார்களே, அது. நாற்பத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். போன மாதம் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. கட்டுமஸ்தான ஒருவன் மேடையில் தன்னந்தனியாகச் சண்டை போடுகிறான். எதிரே ஆளே இல்லை. ஆனாலும் அவன் தூக்கி எறியப்படுகிறான், முறுக்கப்படுகிறான், கடைசியில் மல்லாந்து கிடக்கிறான். நடுவர் தரையில் அறைந்து மூன்று எண்ணுகிறார். சுற்றி நிற்கிற கூட்டம் கைதட்டவில்லை, எழுந்து நிற்கிறது. முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. அந்த நடுவரின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தேன்.

அவரேதான் பலாலிக்கு என்னை அழைத்துப்போக வந்திருந்தார். பெயர் சின்னராசா, ஊர் பண்டத்தரிப்பு, வயது அறுபதுக்கு மேல். பிழைப்புக்கு ஆட்டோ ஓட்டுகிறார். யாழ்ப்பாண நகரம் பதினெட்டு கிலோமீட்டர், வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். நம் காசுக்கு எழுநூற்றுச் சொச்சம்தான் என்று மனக்கணக்குப் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“றெஸ்லிங் பாக்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

“ஆமாண்ணே.”

“இஞ்சை கோயில் பாக்க வாறவை இருக்கினம், கடல் பாக்க வாறவை இருக்கினம். இதுக்கு நீங்கள்தான் முதல் ஆள்.”

வழி நெடுக அவர் சொன்ன கதையைச் சுருக்கித் தருகிறேன். பட்டத்தின் பெயர் குடாநாட்டுச் சாம்பியன். யாழ்ப்பாணத்தார் தங்கள் தீபகற்பத்தைக் குடாநாடு என்றுதான் சொல்கிறார்கள். பட்டத்துக்கு அடையாளம் ஓர் இடுப்புப் பட்டி. பாத்திரம் அடிக்கிற ஒருவர் பித்தளைத் தகட்டை அடித்துக் கொடுக்க, வண்டி மாட்டு வாரில் கோத்தது. முதலில் அதைக் கட்டியவர் உடுவில்காரர், பஸ் கண்டக்டர். அவரை வீழ்த்தியவர் வட்டுக்கோட்டைப் புகையிலைத் தோட்டக்காரர். இருவரும் மாறி மாறி ஜெயித்து ஊர்களை இரண்டாக்கி வைத்திருந்தார்களாம். விதி ஒன்றுதான். தோளிரண்டும் பலகையில் பட, நடுவர் மூன்று எண்ணினால்தான் பட்டம் கைமாறும். இரண்டுக்குள் தோளைத் தூக்கிவிட்டால் செல்லாது. பட்டத்தைச் சும்மா கொடுக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது.

கடைசியாக அது கைமாறியது குருநகர் மீனவர் பிலிப்புவிடம். மேடைப் பெயர் திருக்கை. கைகளை அகல விரித்து, மீன் மாதிரி எதிராளியின் மேல் கவிழ்ந்து விழுவாராம்.

“அவர் தோக்கவே இல்லையாண்ணே?”

“தோக்கிறதுக்கு நேரம் கிடைக்கேல்லை பிள்ளை,” என்றார் சின்னராசா.

சண்டைக் காலத்தில் ஒரு காலை, மகளுக்குக் காய்ச்சல் என்று மருந்து வாங்கச் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் சந்தியில் பூட்டியபடி நின்றது. சாவி அவருடைய சட்டைப் பையில் போய்விட்டது. யார் கூட்டிப் போனார்கள், எங்கே என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

சண்டை ஓய்ந்த பிறகு ஊர்ப் பையன்கள் மேடையைத் திரும்பக் கட்டினார்கள். பட்டம் காலியாக இருக்கிறது என்று அறிவித்துப் புதிய போட்டி வைக்கலாம் என்று பேச்சு. அன்றைக்குப் பிலிப்புவின் மனைவி ஜெசிந்தா பஸ் பிடித்து மைதானத்துக்கு வந்து நின்றாராம்.

“என்னட்டை ரெண்டு கேள்விதான் கேட்டவ,” என்றார் சின்னராசா. “அவர் தோத்தவரோ எண்டா. இல்லை எண்டன். செத்தவரோ எண்டா. நான் என்னத்தைச் சொல்ல? ‘அப்ப என்னெண்டு காலியெண்டு சொல்லுவியள்?’ எண்டு கேட்டிட்டு அங்கையே நிண்டா. சாம்பியன் மல்லுக் கட்டுவார் எண்டு நான்தான் ஒலிபெருக்கியிலை சொன்னன். என்ரை வாய்க்கு எப்பிடி வந்ததெண்டு தெரியாது.”

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒருவன் சவால் விடுகிறான். ஒவ்வொரு வருஷமும் ஆளில்லாத சாம்பியன் ஜெயிக்கிறார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் குருநகர் போனோம். கடலுக்குப் பின்புறம் காட்டி நிற்கும் சின்ன வீடு. நல்ல வெயில், வாசலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பயப்பட அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் உள்ளே நுழைந்ததும் கால் வைத்த இடத்திலேயே நின்றேன். ஒரு நாற்காலியில் ஆண்கள் போடும் மல்யுத்தச் சப்பாத்து, நாம் பூட்ஸ் என்போமே, அது ஒரு ஜோடி, புதிதாகப் பாலிஷ் போட்டு, நாடா கட்டி வைத்திருந்தது. கணுக்காலில் இறுக்கி, இரட்டை முடிச்சு. வெறும் சப்பாத்துக்கு யாரும் அப்படி நாடா கட்டுவதில்லை.

இந்த வருஷத்துச் சவால்காரன் கஜன், வீடியோவில் நான் பார்த்த அதே ஆள், முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும், சண்டிலிப்பாயில் வெல்டிங் கடை வைத்திருக்கிறான், கதவை மறைக்கிற உடம்பு. இதுதான் அவர்கள் வழக்கம். போட்டிக்கு முன்னால் எந்தப் பிடி, எந்த அடி என்று இரண்டு மல்லர்களும் பேசிக்கொள்ள வேண்டுமல்லவா? பிலிப்புவின் பக்கத்தை ஜெசிந்தா பேசுகிறார்.

“அக்கா, இந்த முறை அவருக்கு எப்பிடி?” என்று கேட்டான் கஜன்.

“வலது முழங்கால் மடக்கேலாது,” என்றார் ஜெசிந்தா, பிளேன்ரீ என்கிற பால் விடாத தேநீரை அவன் கையில் கொடுத்தபடி. “தூக்கிப் போடுறதெல்லாம் இனி வேண்டாம். கயித்தைப் பிடிச்சு ஒருக்கா இளைப்பாறுவார். அப்ப நீ கிட்டப் போகாதை, விடு.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிலிப்புவுக்கும் வயதாகிக்கொண்டு வந்திருக்கிறது. போன வருஷத்து வீடியோவில் கஜன் மெதுவாக விழுந்தான், ஏன் என்று யோசித்திருந்தேன். அறுபது கடந்தவர் தூக்கிப் போட்டால் அப்படித்தான் விழ முடியும்.

“கடைசியிலை?” என்றான் கஜன்.

“கடைசியிலை அவர் தோக்க வேணும்.”

கஜன் கோப்பையைக் கீழே வைத்தான். சின்னராசா கூரையைப் பார்த்தார். ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சொன்னார், வெளியாளிடம் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். “மகள் கனடாவிலை, பிள்ளை. ரெண்டு தரம் கூப்பிட்டவள், நான் மாட்டன் எண்டிட்டன். அவர் சாம்பியனா இருக்கேக்கை நான் போனால் ஆர் அவரை ஆயத்தப்படுத்துறது? இப்ப அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. அவரும் களைச்சுப் போனார். தோத்தால் என்னை விட்டிடுவார்.”

கஜன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான். நாங்கள் ஆட்டோவில் ஏறினோம். ஜெசிந்தா ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார், நான் மறு ஓரத்தில். நடுவில் இடம் இருந்ததே என்று என் பையை வைத்தேன்.

“பையை மடியிலை வையுங்கோ பிள்ளை,” என்றார் சின்னராசா திரும்பாமலே.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் என்று பதினேழு கிலோமீட்டர். நடு இருக்கையில் சப்பாத்துகூட இல்லை, அது ஜெசிந்தாவின் மடியில். ரோட்டில் குழி வரும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் சரிந்துவிடாமல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை நான். இருந்தாலும் மரியாதை என்று ஒன்று உண்டே.

பண்டத்தரிப்பில் வெங்காயம் கிண்டி முடித்த தோட்டத்தில் மேடை போட்டிருந்தார்கள். நான் சந்தேகப் பேர்வழி. கூட்டம் சேருமுன் மேலே ஏறி ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஆடவில்லை. இரும்புச் சட்டம் கஜன் கையால் பற்றவைத்தது.

மூன்றரை மணிக்கு ஜெசிந்தா சப்பாத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு இறங்கினார். “குடாநாட்டுச் சாம்பியன், குருநகர், திருக்கை பிலிப்பு,” என்றது ஒலிபெருக்கி. தோட்டம் முழுக்க எழுந்து நின்றது. அந்த மூலைக் கயிறு ஒரு தடவை தொய்ந்து நிமிர்ந்தது. அங்கே சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.

கஜன் கெட்டிக்காரன். கழுத்தை யாரோ வளைப்பதும், அவன் திமிறுவதும், நரம்பு புடைப்பதும் அச்சு அசல். கயிற்றோரம் வந்ததும் சொன்னபடியே விலகி நின்றான், வெறுங்கயிற்றைப் பார்த்துக்கொண்டு, ஒரு கிழவர் மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும். யாரும் செருமக்கூட இல்லை. அவன் விழும்போது பலகையில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி இன்னொரு சத்தமும் கேட்டது. இருவர் விழுந்தால் கேட்கிற மாதிரி. நான் மிதித்துப் பார்த்த பலகைகளை நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. கஜன் வெறும் பலகைமேல் குறுக்கே படுத்தான், அடியில் ஒரு மார்பு இருக்கிற உயரத்தில் உடம்பை வைத்துக்கொண்டு. சின்னராசா முழங்காலிட்டு அறைந்தார்.

“ஒண்டு. ரெண்டு.”

கஜன் ஒரு பக்கமாகப் புரண்டு விழுந்தான். சின்னராசாவின் கை அந்தரத்தில் நின்றது.

மறுபடி படுத்தான். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பாரத்தையும் போட்டான். ஒண்டு. ரெண்டு. மறுபடி தூக்கி வீசினாற்போல் புரண்டான். நான் மேடைக்கு ஒட்டி நின்றதால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

“என்னடா செய்யிறாய்?” என்றார் சின்னராசா.

“நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை.” அவன் முகம் வெளுத்திருந்தது. நடிப்பில் அந்த வெளுப்பு வராது.

என் பக்கத்தில் ஜெசிந்தா இல்லை. பார்த்தால், சேலையைச் செருகிக்கொண்டு படியேறிப் போகிறார். கயிற்றைச் சின்னராசா தூக்கிப் பிடித்தார். ஜெசிந்தா நடுவில் போய் முழங்காலிட்டு, பலகைக்கு ஒரு சாண் மேலே வலது கையை வைத்தார். குழந்தையைத் தூங்கப் பண்ணும்போது வைப்போமே, அப்படி.

“காணும், இனிப் போதும்,” என்றார். “படுங்கோ. நான் போக வேணும்.”

கை மெல்ல மெல்ல இறங்கிப் பலகையைத் தொட்டது. சின்னராசா எண்ணவில்லை. ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்ததும் எண்ணினார். ஒண்டு. ரெண்டு. அந்த இரண்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் காற்று மட்டும் இரைந்தது.

“மூண்டு.”

காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. மூலைக் கயிறு அசையவில்லை. நான் அழுதேன். கூட்டத்தில் பாதி அழுதது.

விதி விதிதான், பலகையில் கை வைத்தவருக்குத்தான் பட்டம். சின்னராசா பட்டியைக் கொண்டுவந்து புதிய சாம்பியன் கையில் கொடுத்தார். ஜெசிந்தா அதைக் கஜனிடம் நீட்டினார். “வச்சிரு. சும்மா குடுக்கேலாது எண்டு எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் வந்து தோத்துத் தாறன்.” பிறகு மூலைக்குப் போய் உட்கார்ந்து, சப்பாத்தின் இரட்டை முடிச்சுகளை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது என்னிடம் சொன்னார், “அவர் நினைச்சிருந்தால் தோளைத் தூக்கியிருக்கலாம் பிள்ளை. தூக்கேல்லை.”

மல்யுத்தத்தில் தோற்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் யாரையும் வீழ்த்துவதில்லை. ஒருவர் மற்றவருக்காகப் படுத்துக் கொடுக்கிறார். முப்பது வருஷமாக டிவி முன்னால் உட்கார்ந்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

வெயில் சாயத் திரும்பினோம். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. திருச்சியில் அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய நாற்காலியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டோம். வீடு அடைசலாக இருக்கிறது என்றோம். எங்களுக்கு உடம்பு கிடைத்தது, நாள் கிடைத்தது, எல்லாம் முறைப்படி முடிந்தது. முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் பலாலியில் விமானம் ஏறிவிடுவேன், வியாழக்கிழமை ஜெசிந்தா கனடா விமானம் பிடிக்கக் கொழும்புக்குப் போய்விடுவார்.

ஆனைக்கோட்டை தாண்டியதும் ஒரு சந்தியில் சின்னராசா வேகத்தைக் குறைத்தார். எந்தச் சந்தி என்று நான் கேட்கவில்லை. ஜெசிந்தா வெளியே பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

“ஏன் பிள்ளை பாரத்தைத் தூக்கிக்கொண்டு வாறியள்?” என்றார். “பையை நடுவிலை வையுங்கோ.”

சரி என்று தலையாட்டினேன். குருநகர் வரும்வரை பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.