இரண்டு கட்சிக்கும் ஒரே கால்

மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் இருந்தவை இங்குள்ள சுவர்கள்தான். தேர்தலுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கும். யாரோ வந்து மதிலில் பாதியை வெள்ளையடித்து, நடுவில் 'புக்டு' என்று எழுதி, கீழே கட்சிப் பெயரையும் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு எதிர்க்கட்சிக்காரன் அந்தச் சுவரில் சாய்ந்துகூட நிற்க மாட்டான். மலையாளத்தில் நான் தடுமாறாமல் படிக்கிற ஒரே வார்த்தை அதுதான்.

நம் ஊரில் இடம் பிடிக்கத் துண்டு போடுவோம். பதினோரு வருடத்துக்கு முன் சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பியபோது நானும் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டேன். உள்ளே போனால், என் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். புனலூர் வரை நின்றுகொண்டுதான் வந்தேன். பிடித்துவைத்த இடம் எதையும் அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

இங்கே ஒரு பண்டகசாலையில் சாக்கின் வாயைத் தைப்பது என் வேலை. உட்கார ஒரு மரப்பலகை, ஒரு கோணி ஊசி, சணல். என் பெயர் சங்கரபாண்டியன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. போன மழைக்கு முன், வாசலில் கிடந்த சுக்குத் துண்டை மிதித்து விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. சுக்கு உடம்புக்கு நல்லது என்று சொன்னவர்கள் யாரும் அதை மிதித்துப் பார்த்ததில்லை போலும். முழங்கால் வரை மாவுக்கட்டு. இரண்டு மாதம் வீட்டில்.

நலம் விசாரிக்க முதலில் வந்தவன் ஷாஜி, எங்கள் சுமைதூக்குகிறவர்களில் ஒருவன். சாயா குடித்தான், என் காலை வெகுநேரம் பார்த்தான், பையிலிருந்து பேனாவை எடுத்தான். அன்பாக ஏதோ எழுதுகிறான் என்று நானும் காலை நீட்டிக்கொடுத்தேன். பள்ளிவிட்டு வந்த மகள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என் காலை ஷாஜியின் கட்சி புக் செய்திருந்தது.

மறுநாள் வந்த நாசர் எதிர்க்கட்சி. கட்டைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. காலை ஒரே பக்கத்துக்குக் கொடுத்தது நியாயமா என்று கேட்டான். எனக்கு ஓட்டே ஊரில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஓட்டு வேண்டா அண்ணாச்சி. கால் மதி," என்றான்.

கால் போதுமாம். கடைசியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெளிப்பக்கம் ஷாஜிக்கு, உள்பக்கம் நாசருக்கு. விரல்கள் மட்டும் சுயேச்சை.

இதற்கு நடுவில் சந்தைக்குப் போன என் மனைவி, பண்டகசாலையில் புது ஆள் ஒருவன் சாக்குத் தைக்கிறான் என்ற செய்தியோடு வந்தாள். அன்றோடு என் தூக்கம் போனது. இந்தப் பலகை போனால் நொண்டிக்காலோடு எங்கே போய் உட்காருவது? புது ஆளைப் பற்றி இருவரிடமும் கேட்டேன். அவர்கள் தேர்தலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டை வெட்டிய அன்று ஆஸ்பத்திரிக்காரர் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, நாசரின் கட்சி வழியாகவே ரம்பத்தை ஓட்டினார். அடுத்த திங்கட்கிழமை கைத்தடியோடு வேலைக்குப் போனேன்.

புது ஆள் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் பலகை காலியாக இருந்தது. அதில் சுண்ணாம்பால் பட்டையாக இரண்டு வரி. மேலே இருந்தது எனக்குத் தெரிந்த வார்த்தை: புக்டு. கீழே இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை. இவன் பெயர்தான் என்று நினைத்தேன். அவனிடம் கேட்டால், ஒடிசாக்காரன், அவனுக்கும் படிக்கத் தெரியாது. அதில் உட்காராதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். இரண்டு மாதமாக வாளியில்தான் இருக்கிறான்.

தலைச்சுமையோடு வந்த நாசர் என்னைப் பார்த்து நின்றான்.

"எந்தா அண்ணாச்சி நிக்குந்நே? இரிக்கு."

"யாரோ புக் செஞ்சிருக்காங்களே, நாசரே."

"அண்ணாச்சிதன்னே. ஞானும் ஷாஜியும் எழுதியதல்லே."

இரண்டாவது வரி நான்தான். அண்ணாச்சி என்று அவர்கள் இருவரும்தான் எழுதியிருந்தார்களாம். பதினோரு வருடம் இருந்த ஊரில் அதை எழுத்தில் பார்த்து அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது, சுக்குத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். சரக்கு அதிகம், இரண்டு பேருமே இருக்கட்டும் என்றார் முதலாளி.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது பஜார் ரோடு முழுக்க எனக்குப் பின்னால் சிரிப்பு. வீட்டில் மகள் என்னைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் படித்துக் காட்டினாள். நாளெல்லாம் உட்கார்ந்ததில் பலகையின் சுண்ணாம்பு எழுத்து லுங்கியில் பதிந்திருந்தது. துவைக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் சங்கரபாண்டியன் ஊர் வாக்காளர் அட்டையோடு கிடக்கிறான். அவனுக்கு மேலே கொடியில், புக் செய்யப்பட்ட அண்ணாச்சி இடம் வலம் மாறித் தொங்கிக்கொண்டிருக்கிறார்.