காய்ச்சிக் குடிக்க ஓர் ஒப்புதல்

பேரிடர்காலச் சுகாதார விதி ஒன்று தெளிவாகவே இருக்கிறது. நோய் ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே, அந்தப் பகுதி மக்கள் நம்புகிறவர்களின் வாயால் சொல்லிவிட வேண்டும். அடுத்த பத்தியும் தெளிவுதான்: சொல்லும் வாசகத்துக்கு மாவட்ட அலுவலகத்தின் முன் ஒப்புதல் வேண்டும்.

சுகாதாரத் துறையிலிருந்தே ஓய்வு பெற்றவன் நான். இரண்டும் மனப்பாடம்.

இந்த மழையில் திருநின்றவூர் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. வடிந்த மறுநாள் காலை ஸ்டெல்லா வந்தார். மகளிர் குழுத் தலைவி. இட்லி மாவு அரைத்து விற்பவர். வெள்ள அவசரத்துக்கென்று எங்கள் பகுதியில் ஒரு கமிட்டி உண்டு — ஸ்டெல்லா, மாதா கோயில் பாதர், நான்.

“சார், மூணு ஊட்ல வாந்தி, பேதி. போர் தண்ணி நாறுது. காய்ச்சிக் குடிங்கன்னு கோயில் மைக்ல சொல்லிடட்டா?”

“ஒப்புதல் இல்லாம சொன்னா வதந்தின்னு ஆயிடும்மா. நான் லெட்டர் போடறேன்.”

“இன்னா சார்! தண்ணி காய்ச்சறதுக்கும் கையெழுத்தா? அடுப்பு பத்த வெக்க கலெக்டராண்ட போவணுமா?”

முதல் பத்தியை மீறினால் யாரும் மெமோ தருவதில்லை. இரண்டாவதை மீறினால் தருவார்கள். ஓய்வு பெற்றவனுக்கு யார் மெமோ தருவார்? அன்று அந்தக் கேள்வி தோன்றவில்லை.

எழுதினேன். பொருள், பார்வை, மூன்று நகல்... குறை சொல்ல முடியாத கடிதம். பாதர் ஒப்புதலுக்காகக் காத்திருந்தார். ஸ்டெல்லா மட்டும், மாவு வாங்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டில் அன்று காலையிலிருந்தே காய்ச்சித்தான் குடித்தோம். அதற்கு நான் ஒப்புதல் வாங்கவில்லை.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் அந்தோணி வீட்டில் கிரைண்டர் இருக்கிறது. மாவு வாங்குவதில்லை.

நான்காம் நாள் அவர் மனைவி ரெஜினாவுக்கு வாந்தி, பேதி. தன் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் மதியம் கோயில் மைக் பேசியது — ரெஜினா இறந்துவிட்டார், மாலை நான்கு மணிக்கு அடக்கம்.

மரண அறிவிப்புக்கு முன் ஒப்புதல் தேவையில்லை.

அடக்கம் முடிந்து வந்த அந்தோணி என் கேட்டருகே நின்றார்.

“லெட்டர் போட்டீங்களாமே சார்... எதிர் ஊடுதானே? ஒரு கொரலு குடுத்திருக்கலாமே.”

எந்தப் பத்தியைக் காட்டுவது?

என் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. ‘வாசகம் ஏற்கப்பட்டது. உடனடியாக அறிவிக்கலாம்.’ கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

வந்த தேதி — ரெஜினாவின் முப்பதாம் நாள் பூசை.